ஐந்தாவது கல்லூரி

கணக்கில் தொண்ணூற்றாறு. மலையாளத்தில் முப்பத்தாறு. தேற முப்பத்தைந்து வேண்டும்.

செல்லபாய் தன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்துவிட்டுத் தூணோரம் நின்றாள்.

"அந்த முப்பத்தாறுல ஒரு மார்க்குகூட என்னோடது இல்ல, அத்தான். பேப்பர் திருத்தின சாரோட தர்மம்."

விஞ்ஞானம் எண்பத்தெட்டு. சரித்திரம் நாற்பத்தைந்து. இங்கிலீஷ் முப்பத்தொன்பது. ஒரே பெண் எழுதிய பரீட்சை என்று சொன்னால் நம்ப முடியாது.

செல்லபாய் என் மனைவியின் தங்கை. என் மனைவி பொன்னம்மை இறந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பிரசவம். குழந்தையும் தங்கவில்லை. அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த மாமனார் வீட்டில்தான் சாப்பிட்டேன். வரச் சொன்னார்கள், போனேன். மற்ற நாட்களில் வஞ்சியூரில் ஓர் அறை, கல்வி இலாகாவில் ஒரு மேஜை.

மாமனார் நெல்லையப்பன் மலைச்சரக்குக் கடையில் கணக்கெழுதுகிறவர். மார்க்குகளை அவர் ஏற்கெனவே கூட்டிப் பார்த்திருந்தார்.

"ஐந்நூறுக்கு முந்நூத்தி நாலு. இங்க உள்ள பெண்கள் காலேஜுக்கு ஒரு பாரம் போடுவோம். கிட்டினா படிக்கட்டும்."

"அங்கே மொத்த மார்க்கைத்தான் பார்ப்பார்கள், மாமா. கிடைக்காது."

"கிட்டலேண்ணா விட்டுருவோம். ஆவணியில நல்ல முகூர்த்தம் ஒண்ணு இருக்கு."

"யாருக்கு?"

கிழமை தெரியாமல் கேட்பவனைப் பார்ப்பது போல அவர் என்னைப் பார்த்தார்.

"உமக்கும் இவளுக்கும்தான். பின்ன யாருக்கு? ஸீட்டு கிட்டிச்சுண்ணா ரெண்டு வருசம் தள்ளி வச்சுகிடலாம். கிட்டலேண்ணா ஆவணி."

அந்த இடத்தில் நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செல்லபாய் தூணோரம் இல்லை. எப்போது உள்ளே போனாள் என்று தெரியவில்லை. அவளுக்குப் பதினாறு வயது. அக்காளின் படுக்கையை மடித்து எடுத்துவிட்டுத் தங்கையின் படுக்கையை அதே இடத்தில் விரிக்கப் போகிறார்கள். இது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஒரு கல்லூரி போதாது. ஐந்துக்குப் போட வேண்டும். நான் பட்டியல் எழுதித் தருகிறேன்."

"நீரு படிச்ச ஆளு. எழுதும்" என்றார்.

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டால் நான் மறுப்புச் சொல்லவே தேவையில்லை. இதுதான் என் யோசனை. கோழையின் யோசனை என்று அன்று தெரியவில்லை. சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

பட்டியல் போடுவது எனக்குத் தெரியும். முந்தைய வருஷம் ஒவ்வொரு கல்லூரியிலும் எந்தக் குரூப்பில் யாரைச் சேர்த்தார்கள், கடைசியாக உள்ளே போன பிள்ளையின் மார்க்கு என்ன என்கிற தாள்கள் எங்கள் இலாகாவில் இருந்தன. மத்தியான இடைவேளைகளில் உட்கார்ந்து பிரதி எடுத்தேன். எல்லை தாண்டி மெட்ராஸ் ராஜ்யத்துக் கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டு விவரம் வரவழைத்தேன். ஜூன் மாதத்தில் தகப்பன்மார் என் மேஜைக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பாதிப்பேர் கௌரவத்துக்காக ஒரே ஒரு பெரிய கல்லூரிக்குப் போட்டுவிட்டு வருவார்கள். மீதிப்பேர் பயந்துபோய், யாரும் சேராத இடத்துக்கு மட்டும் போட்டிருப்பார்கள். இரண்டு வகைக்கும் நான் பதில் எழுதியிருக்கிறேன். வருந்துகிறோம் என்று.

செல்லபாய்க்கு அப்படி நடக்கக் கூடாது. ஒன்றாவது, இங்குள்ள பெண்கள் கல்லூரி. மொத்தம் பார்க்கிறவர்கள், கிடைப்பது அபூர்வம். இரண்டும் மூன்றும், கணக்கையும் விஞ்ஞானத்தையும் மட்டும் தனியாகக் கூட்டிப் பார்க்கிற கல்லூரிகள். அங்கே பாதிக்குப் பாதி. நான்காவதில் இடம் நிச்சயம். ஐந்தாவது தெற்கே, நாகர்கோவில் போய் வேறு பஸ் மாறிப் போக வேண்டிய ஊரில் புதிதாக ஒரு மிஷன் தொடங்கியது. கணக்கு படிக்கப் பெண்கள் வராமல் போன வருஷம் ஒன்பது இடம் காலியாகக் கிடந்தது. அங்கே தொண்ணூற்றாறு வாங்கிய பெண்ணை வாசலில் வந்து அழைத்துக்கொள்வார்கள்.

அடுத்த ஞாயிறு பட்டியலை முன்னறையில் விரித்தேன். மாமனார் எதிரில் உட்கார்ந்திருந்தார். செல்லபாய் எட்டிப் பார்த்துவிட்டு நான்காவதில் விரலை வைத்தாள்.

"இதுல ஃபர்ஸ்ட் குரூப்பே இல்லையே அத்தான். ஹிஸ்டரிதான் இருக்கு."

"இடம் நிச்சயம்."

"நாப்பத்தஞ்சு மார்க்கு வாங்கின ஹிஸ்டரியப் படிக்க நான் எதுக்கு பஸ்ஸேறிப் போணும்? அசோகர் மரம் நட்டாரு. நான் தண்ணி விடவா?"

"கணக்குக் கிடைக்காவிட்டால்?"

"கணக்கு கிட்டணும். அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

நான் அடித்துவிட்டு வேறொன்று எழுதினேன். அவள் சொன்னது சரி. வேண்டாத இடம் நிச்சயமாக இருந்து என்ன பயன்? அதை இலாகாவில் பல வருஷம் இருந்த நான் யோசிக்கவில்லை. புதிதாக எழுதிய கல்லூரியில் இங்கிலீஷுக்கு நாற்பது வேண்டும். இவளுக்கு ஒன்று குறைவு. விலக்கு உண்டா என்று விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டு அவள் போனாள். திரும்பி ஒரு தட்டோடு வந்து என் முன்னால் நீட்டினாள். மே மாதக் காற்றில் தாள் பறந்தது. தட்டிலிருந்த தேங்காயை எடுத்துத் தாளின் மேல் வைத்துவிட்டு விதியைத் தொடர்ந்து படித்தேன். விலக்கு இருந்தது.

ஐந்து பாரங்களையும் நானே இங்கிலீஷில் நிரப்பினேன். கார்டியன் கட்டத்தையும் கடைசியில் உள்ள குறிப்புக் கட்டத்தையும் தகப்பனார் எழுத வேண்டும் என்று விட்டுவைத்தேன். ஒப்புப் போட்டுத் தபாலில் சேர்த்துவிடுங்கள் என்று மாமனாரிடம் கொடுத்தேன். அவர் எண்ணெய்க் கை படாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜூன் பிறந்தது. முதல் கல்லூரி மறுத்தது. எதிர்பார்த்ததுதான். இரண்டாவது மறுத்தது. மூன்றாவது, ஹாஸ்டலில் இடம் தருவதற்கில்லை என்று எழுதியது. நான்காவதிலிருந்து பதிலே இல்லை. பன்னிரண்டாம் தேதி ஐந்தாவதிலிருந்து கார்டு வந்தது. வருந்துகிறோம்.

ஒன்பது இடம் காலியாகக் கிடந்த கல்லூரி.

"விட்டுரும் மாப்பிளே" என்றார் மாமனார். "விதிச்சது நடக்கும்."

எனக்கு விதியோடு பழக்கமில்லை. மார்க்கோடுதான் பழக்கம். இந்த மார்க்குக்கு அந்த இடம் மறுக்கப்படாது. ஜோலிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

கல்லூரி ஆபீஸில் பிச்சையா என்ற தலைமைக் குமாஸ்தா இருந்தார். என்னைப் போன்றவர். மேஜையும் என் மேஜையைப் போலவே இருந்தது. செல்லபாயின் பெயரைச் சொன்னதும் கட்டைப் பிரிக்காமலே தலையை ஆட்டினார்.

"தொண்ணூத்தாறு. திருவனந்தபுரத்துப் பிள்ள. எங்க பிரின்ஸிபல் அம்மா ரெண்டு தடவ வாசிச்சாங்க. பொறவு பின்பக்கத்தத் திருப்பினாங்க. நீங்க யாரு சார்?"

"திரவியம்."

அவர் சிரித்துவிட்டார். "மாப்பிள்ளையே நேர்ல வந்துட்டீங்களா. நல்லது, இருங்க. ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கக்கூடாது. கட்டிக்கப் போற பிள்ளைக்கு எதுக்கு சார் எங்க ஸீட்டு?"

"யார் சொன்னது?"

அவர் பாரத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். நான் விட்டுவைத்த இரண்டு கட்டங்களும் நிரம்பியிருந்தன. கார்டியன்: திரவியம், பி.ஏ. உறவு: விவாகம் செய்யவிருப்பவர். குறிப்பு: மேற்படியாருடன் விவாகம் நிச்சயிக்கப்பட்டுவிட்டது, தேதி அன்னாரின் சௌகரியப்படி, அதன்பின் படிப்பைத் தொடர்வது அன்னாரின் சித்தம். எல்லாம் இங்கிலீஷில். கீழே மாமனாரின் ஒப்பு. கணக்கெழுதுகிறவரின் கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை, ஒரு துளி மை சிந்தவில்லை.

"போன வருசம் மூணு பிள்ளைங்க தீபாவளிக்கு ஊருக்குப் போச்சு" என்றார் பிச்சையா. "ஒண்ணும் திரும்பல. தாலி கட்டியாச்சு, டி.சி. அனுப்புங்கன்னு காயிதம் வந்துச்சு. அதுலேருந்து பிரின்ஸிபல் அம்மாவுக்கு, பாரத்துல கல்யாணம்னு எழுதியிருந்தாலே ஆகாது. மத்தவங்க எப்படியோ."

மற்றவர்களும் அப்படித்தான். ஐந்து பாரத்திலும் இதே வரிகள்தான் போயிருக்கும். மாமனார் ஒன்றில் ஒன்று எழுதி இன்னொன்றில் வேறு எழுதுகிற ஆள் இல்லை.

"நிச்சயம் ஆகவில்லை" என்றேன்.

"அத நீங்க வாயால சொன்னா எப்படி? ஒப்புப் போட்டது அவங்க அப்பா." மேஜை டிராயரைத் திறந்து ஒரு புதுப் பாரத்தை எடுத்தார். "திங்கக்கிழமை சாயங்காலம் வரை மூடமாட்டோம். எழுதிக் கொண்டாங்க. தொண்ணூத்தாறுக்காகத் தாரேன், உங்களுக்காக இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் தக்கலை வரை புதுப் பாரத்தின் காலிக் கட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். பதினைந்து மாதமாக எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உறைக்கவில்லை, சுடுகாட்டில் உறைக்கவில்லை. பாரத்தில் நான்கு வரியைப் பார்த்து உறைத்தது. நான் தூங்கும்போது என் சட்டைப் பையில் கைவிட்டு என் பெயரை எடுத்துக்கொண்டு போய் ஐந்து ஊருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை மாமனார் கடைக்குக் கிளம்புமுன் போனேன். உட்காரவில்லை. புதுப் பாரத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"அந்தக் கட்டத்தில் ஏன் அப்படி எழுதினீர்கள்?"

"எப்படி எழுதினேன்? உள்ளதத்தானே எழுதினேன்."

"எது உள்ளது?"

"விவாகம் நிச்சயம்."

"யார் நிச்சயம் பண்ணியது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீரு என்ன கேக்கேரு? தாம்பூலத் தட்டு வச்சோம். தேங்காய எடுத்தேரு. ரெண்டாந்தாரம், கூட்டம் கூட்ட வேண்டாம்ணு ஆள் கூப்பிடல்ல. அதுக்காக நிச்சயம் இல்லேண்ணு ஆயிருமா?"

எங்கள் ஆட்களில் பெண் வீட்டார் நீட்டுகிற தட்டிலிருந்து தேங்காயை மாப்பிள்ளை எடுத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எனக்குத் தெரியாததல்ல. பொன்னம்மைக்காக ஒரு தடவை எடுத்தவன்தான்.

"தாள் பறக்காமல் இருக்க எடுத்தேன்" என்றேன்.

சொன்ன பிறகு அந்த வார்த்தைகள் எவ்வளவு கேவலமாக இருந்தன என்று தெரிந்தது. மாமனாரின் முகம் கறுத்தது.

"தாளுக்கா? என் மகள நிறுத்தி, அவ கையில தட்டக் கொடுத்து அனுப்பியிருக்கேன். நீரு தாளுக்குப் பாரம் வச்சேரு?"

"நான் கவனிக்கவில்லை, மாமா."

"கவனிக்கல்ல. ஒரு பெண்ணோட ஜீவிதம். கவனிக்கல்ல." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆவணிண்ணு உம்ம மூஞ்சிக்கு நேரா சொன்னேன். மாட்டேன்னீரா? பட்டியல் எழுதுதேன்னீரு. கட்டிக்கிட்டுப் படிக்க வைக்கப் போற மனுசன்னு கோயில்ல போய்க் கும்பிட்டேன் உமக்காக."

"இப்போது சொல்கிறேன். நான் கட்டிக்கொள்ள மாட்டேன். அதை அடித்து, உங்கள் பெயரைக் கார்டியன் என்று எழுதி ஒப்புப் போடுங்கள்."

"கொடுத்த பேச்ச நீரு மாத்தலாம். நான் மாத்த மாட்டேன். முப்பது வருசமா ஒரு பொய் எழுதினதில்ல நான்."

"நிச்சயம் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டதே. பிறகு அடித்து எழுதினால் அது எப்படிப் பொய்?"

"உமக்குத்தான் இல்ல. எனக்கு இருக்கு."

"மதி, போதும்" என்றாள் செல்லபாய்.

அவள் உள்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருக்கவில்லை. என்னைப் போலவே கோபமாக இருந்தாள்.

"நான் கவனிச்சேன் அத்தான். நீங்க எடுத்தப்போ என்னப் பாக்கல்ல, விதிப் புஸ்தகத்தப் பாத்தீங்க. அப்பமே தெரிஞ்சுது. அப்பாவுக்குச் சந்தோசம், நான் மிண்டல்ல, வாயே தொறக்கல்ல. பாரத்தத் தபால்ல போட்டதும் நான்தான். அப்பா எழுதினத வாசிச்சிட்டுத்தான் போட்டேன்."

"வாசித்துவிட்டா? ஏன் சொல்லவில்லை?"

"உங்ககிட்ட என்ன சொல்ல? என்னக் கட்டுவீங்களாண்ணு கேக்கவா? மாட்டீங்களாண்ணு கேக்கவா?" அவள் பாரத்தை எடுத்து மடியாமல் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஃபர்ஸ்ட் குரூப் வேணும். தேங்காயைப் பத்தி நீங்க ரெண்டுபேரும் பின்ன எத்தன வருசம் வேணும்னாலும் வழக்காடுங்க. இது திங்கக்கிழமைக்கு அங்க இருக்கணும். யாரு ஒப்புப் போடப் போறீங்க?"

மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போட முடியாது. நான் யார்?

அப்போது அடுக்களையிலிருந்து என் மாமியார் வந்தார். பகவதியம்மாள் என்னோடு நேராகப் பேசியதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கதவுக்குப் பின்னால் நின்று, மகளிடம் சொல்வது போலத்தான் எனக்குச் சொல்வார். அன்று கூடத்தின் நடுவில் வந்து நின்றார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார்.

"எங்க எழுதணும்?"

"நீ சும்மா இரு" என்றார் மாமனார்.

"நான் அவளுக்கு அம்ம இல்லையா? அம்மைக்கு அதுல எடமில்லையா?" கேள்வி என்னிடம். முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இருக்கிறது, அத்தை. தாயோ தகப்பனோ போடலாம்."

"பின்ன ஏன் இத்தன நேரம் அதச் சொல்லல்ல?"

ஐந்து வருஷமாக அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட ஒரு தாயின் பெயர் அதில் வந்து பார்த்ததில்லை. அதனால் தோன்றவில்லை.

செல்லபாய் பேனாவைக் கொடுத்துக் கட்டத்தைக் காட்டினாள். மாமியார் தரையில் உட்கார்ந்து, பலகையின் மேல் பாரத்தை வைத்து, தமிழில் தன் பெயரை எழுதினார். எழுத்து எழுத்தாக. 'ள்' கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்துக்குப் போயிற்று. மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு சட்டையை மாட்டினார்.

"நான் ஒண்ணும் பாக்கல்ல" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

மாமியார் பேனாவை மூடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"ஒருத்தியத் தந்தேன். திருப்பிக் கொண்டாந்தீங்களா? இவளையும் கொடுக்கணும்ணு இவரு நிண்ணாரு. நீங்க வேண்டாம்னீங்க. நல்லது. ஆனா அதத் தட்டு வந்த அண்ணைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டு அஞ்சு காலேஜுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லாததால் அது எங்கும் போக வழியில்லாமல் நின்றது. பாரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை பிச்சையா பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா இருக்காங்கல்லா?"

"இருக்கிறார்."

"பின்ன அம்மா ஏன் போட்டிருக்காங்க?"

"விதியில் இடம் இருக்கிறது. பதினொன்றாவது விதி. படித்துக் காட்டவா?"

"வேண்டாம் சார், எங்க ஆபீஸ் விதிய எங்களுக்கே படிக்க வேண்டாம்." குறிப்புக் கட்டத்தைப் பார்த்தார். காலியாக இருந்தது. "அப்ப நீங்க இப்ப யாரு? உறவுமுறை எழுதணும், நேர்ல கொண்டு வந்தவரு பேரு ரிஜிஸ்டர்ல போவும்."

"அக்காள் புருஷன்."

"அப்படிச் சொல்லுங்க. சேர்க்கிற அன்னைக்கு அக்காவக் கூட்டிட்டு வாங்க. ஹாஸ்டலுக்குள்ள ஆம்பளைய விடமாட்டாங்க, பெண்துணை வேணும்."

"செத்துப்போய்விட்டாள்" என்றேன். "அவளுடைய அம்மா வருவார்."

அவர் பேனாவை வைத்தார். பிறகு எழுந்து பாரத்தை உள்ளே கொண்டுபோனார். அரை மணி நேரம் கழித்து வந்தார். ஃபர்ஸ்ட் குரூப். ஹாஸ்டல். இருபத்திரண்டாம் தேதி சேர வேண்டும். இங்கிலீஷுக்குத் தினமும் சாயங்காலம் தனி வகுப்பு, அதற்குச் சம்மதம் என்றால்.

"சம்மதிப்பாளா?"

"அவளைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

கல்லூரிக்கு எதிரிலேயே தபாலாபீஸ் இருந்தது. தந்தி பாரம் வாங்கி, பகவதியம்மாள் என்று எழுதி, வீட்டு விலாசம் எழுதினேன். செய்தி: ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்தது, ஹாஸ்டலும், இருபத்திரண்டாம் தேதி நீங்கள் கூட வர வேண்டும்.

ஜன்னலுக்குள் இருந்தவர் வார்த்தைகளை எண்ணிவிட்டு விலாசத்தில் பென்சிலை வைத்தார்.

"ஒரு ஆம்பள பேரு போடுங்க சார். பொம்பள பேருக்குத் தந்தி போனா டெலிவரிக்காரன் வீடு தேடி அலைவான்."

"அலையட்டும்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டார்.